முன் அறையில் நெருப்பு

சாயங்காலம் ஆனால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன். வாசலுக்குப் போவேன், அடுப்படிக்கு வருவேன், மறுபடி வாசல். பிறவியிலேயே அப்படி இல்லை. வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் வீட்டு வேலைக்குப் போன பிறகு பிடித்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கேமரன் மலைக்கு வந்தேன். பிறந்தது கீழே, பேராக் பக்கம், ரப்பர் தோட்டத்தில். அங்கே வெயில். இங்கே குளிர். மாப்பிள்ளை வீட்டார் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண் கிடைத்திருக்காது.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் தொழிற்சாலை. இலையைக் காயவைக்கும் சூட்டுக்கு விறகு போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பகலெல்லாம் நெருப்பின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டுக் குளிர் சுகமாக இருந்தது. எனக்குப் பல் தந்தியடித்தது. எங்களோடு அவருடைய அம்மாவும் இருந்தார். எனக்கு அத்தை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

நாங்கள் இருந்தது லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் அடுப்படி. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். விடியும்போது பனி தகரத்தின் உள்பக்கம் கோத்துக்கொண்டு நெற்றியில் சொட்டும்.

இரண்டு வருஷம் கொழுந்து கிள்ளினேன். பிறகு துரைசாணி வீட்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

அவருடைய கணவர் எங்கள் தோட்டத்தில் பெரிய துரையாக இருந்தவர். வேலையை விட்டதும் ஊருக்குப் போகாமல் தானா ராத்தா டவுனுக்குப் போகிற சாலையில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். கட்டி முடித்த கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். துரைசாணி தனியாக இருந்தார். ஒரு நாய், ஒரு ஆப்பிள் மரம். ஆப்பிள் மரம் அவர் ஊரிலிருந்து வந்தது. வருஷம் முழுக்க இலை விடும். ஒரு காய் காய்த்ததில்லை. அதன் முன்னால் நின்று, 'சோம்பேறி மரம்! வேலை செய்யலை!' என்று தமிழில் திட்டுவார். அது தமிழ் மண்ணில் இருப்பதாக அவருக்கு நினைப்பு போலும்.

அவருடைய தமிழைச் சொல்ல வேண்டும். துரை காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில் பேசிக் கற்றது. அவரிடமிருந்து இவர் கற்றார். அதில் கட்டளை மட்டும்தான் இருந்தது. கொண்டா, போ, நில், சீக்கிரம். அன்பாகச் சொல்ல நினைத்ததையும் அவர் அந்த வார்த்தைகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

"சாப்பிடு! நிறைய சாப்பிடு! சீக்கிரம்!"

முதல் வாரம் திட்டுகிறார் என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

வீடு கல் வீடு. முன் அறையில் சுவருக்குள்ளேயே ஒரு அடுப்பு. சமைக்க இல்லை. உட்கார்ந்து பார்க்க. அதன் மேல் ஒரு மரப்பலகை, பலகையில் செத்துப்போன சொந்தக்காரர்களின் படங்கள். பித்தளைச் சாமான்களைக் கிழமைக்கு ஒரு தடவை தேய்க்க வேண்டும். நாற்காலிகளுக்குப் பூப்போட்ட உறை. தேத்தண்ணிப் பானைக்குக் கம்பளியில் பின்னிய குல்லா. மனுஷிக்குக்கூட அந்த மாதிரிக் குல்லா எங்கள் லயத்தில் கிடையாது.

நெருப்பு மூட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தார். விறகு தோட்டத்திலிருந்துதான் வரும். கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் கட்டை. காய்ந்தால் இரும்பு மாதிரி இருக்கும். சத்தம் போடாமல் எரியும். தணல் வெகுநேரம் நிற்கும். அடியில் சிராய், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டை, பின்பக்கம் ஒரு பெரிய கட்டை. பெரிய கட்டை சுவரைச் சூடாக்கும். சுவர் அறையைச் சூடாக்கும்.

ரொட்டி போடக் கற்றேன். உலர்திராட்சைக் கேக்கு, ஸ்ட்ராபெரி ஜாம். ரோஜாவை எந்தக் கணுவில் வெட்டுவது என்று கற்றேன். படுக்கைக்குள் வைக்கும் ரப்பர் பைக்கு வெந்நீர் ஊற்றும்போது காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும் என்று கற்றேன். சாயங்காலம் திரைச்சீலையை இழுத்துவிட்டால் வெளியே மூடுபனி, உள்ளே நெருப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு துணிதான்.

வேலை முடிந்து நான் கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒரு முக்காலியைக் காட்டுவார்.

"உட்கார்! நெருப்புப் பார்!"

உட்காருவேன். முதலில் நுனியில். பிறகு முழுசாக. அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்வார்.

"எங்க ஊர் நல்ல ஊர். மழை சின்ன மழை. ஆடு நிறைய. கோயில் மணி அடி. எல்லாரும் வீட்டுக்குப் போ. நெருப்பு போடு. ரொட்டி தின்னு."

அவ்வளவுதான் சொல்வார். எனக்கு அது போதும். அந்த ஊர் எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லடுக்கிய வேலி, ஈரப் புல், ஒரு சின்னக் கோயில், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நெருப்பு. போகாத ஊருக்கு ஏங்குவது எப்படி என்று கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஏங்கினேன்.

அவரும் நிலையாக இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கட்டுவார். 'ஊருக்குப் போ. இனி வராதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைப் பிரிப்பார். எடுத்த சாமானை நான் மறுபடி பழைய இடத்தில் வைப்பேன்.

எனக்குக் கஷ்டம் அங்கே இல்லை. லயத்துக்குத் திரும்பும்போதுதான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் சிமெண்டுத் தரை காலைக் கடிக்கும். சாக்குத் துணியில் திரை தைத்து மாட்டினேன். காலி பால் டின்னில் ரோஜாக் குச்சி ஊன்றினேன். ஒன்றும் ஒட்டவில்லை. உட்காருவேன், எழுந்திருப்பேன்.

"தொரசாணி வந்துட்டாங்க, நாக்காலி போடும்மா" என்பார் வீட்டுக்காரர்.

"நாக்காலி எங்கடா இருக்கு? ரெண்டு காலுதான் இருக்கு, அதுவும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்பார் அத்தை.

துரைசாணி ஒரு பழைய ரப்பர் பையை எனக்குக் கொடுத்தார். அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். நடுச்சுவர்க்காரி. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். பையைத் தூக்கிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார்.

"ஏன்டி, ஒங்கப்பன் ஆயுசுக்கும் ரப்பர் மரத்துல பால் வெட்டுனது இதுக்குத்தானா? தண்ணி ஊத்திக் கட்டிப் புடிச்சுக்கவா?"

"சூடா இருக்கும்க்கா."

"சூடுக்கு அது ஏன்லா? புருசன் என்னத்துக்கு இருக்கான்?"

நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய புருஷன் சிரித்தது கேட்டது.

எழுபதுகள் முடியும் சமயம் துரைசாணி உண்மையாகவே போனார். தங்கை கூப்பிட்டிருந்தார். அந்தத் தடவை பெட்டி பிரிபடவில்லை. கிளம்பும் அன்று ஆப்பிள் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார். அவருடைய தமிழில் அதற்கு வார்த்தை இல்லை.

"நல்லா இரு!" என்று சத்தமாகச் சொன்னார். அதுவும் கட்டளைதான்.

வீட்டை ஈப்போவிலிருந்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, வாங்கினார். விடுமுறைக்கு வந்து தங்குவதற்காக. சுவரில் இருந்த அடுப்பின் வாயை மறைத்துக் குளிர்ப்பெட்டியை நிறுத்தினாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பினேன். அதற்குள் கையால் கிள்ளுவது குறைந்து கத்தரி வந்திருந்தது. பெரிய கத்தரி, அதோடு சேர்ந்த பெட்டி. வெட்டி வெட்டித் தோள் இறங்கிப்போகும். வேலை கஷ்டமாக இல்லை. வேலை எப்போதும் வேலைதான். சாயங்காலம்தான் கஷ்டம். ஐந்து மணிக்கு என் கால் தானாகச் சாலைப் பக்கம் திரும்பும்.

அடுத்த வருஷக் கடைசியில் துரைசாணியிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பனி மூடிய வீடு ஒன்றின் படம். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் இங்கிலீஷ் படித்தவள். அவள் படித்துச் சொன்னாள். தங்கை இருப்பது மாடி வீடாம். நெருப்பே கிடையாதாம். சுவரில் ஒரு இரும்புக் குழாய் சுடுமாம். உட்கார்ந்து பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாராம். கேமரன் மலையை நினைக்கிறேன் என்று எழுதியிருந்தாராம்.

அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்கே இல்லியாம். ஒனக்கு வேணுமாம்."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓட்டல் வேலை வந்தது. தானா ராத்தாவைத் தாண்டி வெள்ளைக்காரன் வீடு மாதிரியே கட்டிய ஒரு ஓட்டல். அங்கே சமைக்கிற சீனர் முன்பு துரைசாணியிடம் ஜாம் வாங்க வருவார். என்னைத் தெரியும். கடைவீதியில் பார்த்து நிறுத்தினார். "கெர்ஜா அடா. மௌ?" என்றார். வேலை இருக்கிறது, வேண்டுமா என்று. ரொட்டி, கேக்கு, ஜாம். நான்கு அறைகளில் நெருப்பு. ஆனால் அங்கேயே தங்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வரலாம். மழைக்காலம் முடியும் வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"போறியா?"

"தெரியல."

"போனா அங்கயேவா?"

"ஆமா."

"ரெண்டு நாளு."

"ஆமா. மாசத்துக்கு."

அவர் எழுந்தார். கையைக் கழுவினார். என்னைப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் போயிருப்பேன். என் மனசு அப்போதே பாதி வழி போயிருந்தது. துணிகளை மடித்து ஒரு பக்கமாக வைக்க ஆரம்பித்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஸ்டோரிலிருந்து செங்கல் வர ஆரம்பித்தது. பழைய சூளையை இடித்துப் புதுசு கட்டினார்கள். கரி பிடித்த பழைய கல்லைத் தூக்கிப்போடச் சொல்லியிருந்தார்கள். மண்டோரிடம், அதாவது மேஸ்திரியிடம், கேட்டுவிட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அடுக்கினார். என்னத்துக்கு என்று கேட்டேன்.

"நெருப்ப அங்க போயித்தான் பாக்கணுமா? இங்க பாரு."

அவர் சூளை பார்த்தவர். வீட்டு அடுப்பு கட்டியவர் இல்லை. துரைசாணி வீட்டு அடுப்பு எப்படி இருந்தது என்று நான் கையால் காட்டினேன். இவ்வளவு அகலம், உள்ளே இப்படிச் சரிவு, மேலே குறுகும். முன் அறையில், வாசலை ஒட்டிய சுவரில் இடம் பார்த்தோம். அந்தச் சுவர்தான் வெளிச்சுவர். புகை வெளியே போக வேறு வழியில்லை. சுவரை இடித்து ஓட்டை போட்டார். பழைய தகரத்தைச் சுருட்டிக் குழாய் செய்து வெளிப்பக்கம் மாட்டினார். குழாய் குட்டை. தகரம் அவ்வளவுதான் கிடைத்தது.

அடுப்புக்கு மேல் ஒரு பலகை அடித்தார். துரைசாணி வீட்டில் அந்த இடத்தில் செத்தவர்கள் இருந்தார்கள். இங்கே சாமி படங்களை எடுத்து வைத்தோம். அத்தை நின்று பார்த்தார்.

"முருகனுக்குக் குளிரு விட்டுச்சு" என்றார்.

நெருப்பு மூட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கட்டை சரியாகக் காயவில்லை. புகை குழாயில் ஏறாமல் சுருண்டு வாசல் வழியாக வெளியே வந்தது. குழாய் வழியாக வந்த கொஞ்சமும் மேலே போகாமல் லயத்தின் முன்பக்கமே படர்ந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு விசிறினேன். அத்தை நெருப்பின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் புகை ஒரு பொருட்டில்லை.

எங்களில் யாரும் ஒன்றை யோசிக்கவில்லை. லயத்தில் புகை எப்போதும் பின்பக்கம்தான் வரும். அடுப்படி அங்கேதான். முன்பக்கம், வாசலில், நெருப்பு வைப்பது ஒன்றுக்குத்தான். வீட்டில் எழவு விழுந்தால் வைப்பது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்கும் தெரியும். அடுப்புக் கட்டுகிற அவசரத்தில் மறந்துபோனது.

சண்டை போடும் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மாரில் அடித்தபடி வருகிறார். பின்னால் நான்கு பெண்கள். அதற்குப் பின்னால் ஆண்கள், தோளில் துண்டு. புகையில் உள்ளே யார் இருப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"என்னெப் பெத்த சின்னம்மா! நேத்துக்கூட கருவாடு கேட்டியே சின்னம்மா!"

புகைக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

"கேட்டேன். நீ குடுக்கலியே."

அக்கா அப்படியே நின்றார். கை மாரில் இருந்தது.

"உள்ள வாங்க" என்றார் அத்தை. "செத்தவ நாந்தான். தேத்தண்ணி போடச் சொல்றேன், குடிச்சிட்டு அழுவுங்க."

தப்படிக்கிறவரைக் கூட்டிவர ஒரு ஆள் அதற்குள் போய்விட்டிருந்தார். அவரைத் திருப்பி அழைக்க இன்னொரு ஆள் ஓடினார். வந்தவர்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அக்காவின் புருஷன் தம்ளரைத் தொடவில்லை.

"வெளையாட்டுக்குக்கூட இது சரியில்லப்பா" என்றார் என் வீட்டுக்காரரிடம். "பத்து வீட்டுக்கும் சேத்து எழவு கூப்புடுற மாதிரி இருக்கு."

"கொழாய ஒசத்திடுறேன் மாமா."

"கொழாய் இல்ல. நெருப்பு முன்னால இருக்கக் கூடாது."

வீட்டுக்காரர் தலையாட்டினார். மறுநாள் எங்கிருந்தோ தகரம் கொண்டுவந்து குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தினார். புகை மேலே போனது. நெருப்பு இருந்த இடத்தில் இருந்தது. இரண்டு வாரம் வாசல் பக்கம் யாரும் திரும்பவில்லை. அக்கா நடுச்சுவர் வழியாகப் பேசுவதைக்கூட நிறுத்தினார்.

அந்த இரண்டு வாரம்தான் எனக்குக் கிடைத்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து நெருப்புப் போடுவேன். மூன்று பேரும் உட்காருவோம். அத்தை தூங்கிவிடுவார். வீட்டுக்காரர் கட்டையைத் திருப்பிப் போடுவார். துரைசாணி சொன்ன ஊர் இதுதானோ என்று ஒரு நாள் தோன்றியது. ஓரமாக மடித்துவைத்த துணிகளை எடுத்துப் பழையபடி கயிற்றில் போட்டேன். அவர் பார்த்தார்.

பிறகு அடைமழை பிடித்தது. தேயிலைக்கு மழை கணக்கில்லை. மழைக்கும் வேலை, வெயிலுக்கும் வேலை. எல்லார் துணியும் நனைந்தது, காயவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் ஈரச் சட்டை.

"ஏன்டி, நெருப்பு எரியுதா?"

"எரியுதுக்கா."

"எங்க வீட்டு மனுசனுக்கு நாளைக்கிப் போட வேற சட்டை இல்ல. சும்மா ஒரு ஓரமா..."

"போடுங்கக்கா. எழவு நெருப்பு, பரவால்லியா?"

"போடி இவளே."

அந்தச் சட்டைக்குப் பின்னால் பத்து வீட்டுத் துணியும் வந்தது. கயிறு மேல் கயிறு கட்டினார்கள். ஈரக் கம்பளி, சாக்கு, காலுறை. பலகையில் சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் ரப்பர் செருப்பு காய்ந்தது. துணியோடு ஆட்களும் வந்தார்கள். அத்தைக்குக் கொண்டாட்டம். நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுப்பார். எழவுக்கு வந்த அன்று யார் எப்படி அழுதார்கள் என்று நடித்துக் காட்டுவார். அறை முழுக்க ஈரத்துணி ஆவி, வியர்வை, சிரிப்பு.

எனக்கு உட்கார இடமில்லை. அப்படிச் சொல்வதும் சரியில்லை. இடம் விடுவார்கள். நான்தான் உட்காரவில்லை. கதவருகில் நிற்பேன். அடுப்படிக்குப் போவேன். வருவேன். எனக்கு வேண்டியிருந்தது நெருப்பும் அதைச் சுற்றி இருக்கும் அமைதியும். நெருப்பு மட்டும் கிடைத்தது. அமைதிக்கு ஆயிரம் பேரைத் துரத்த வேண்டும். மழையில் யாரைத் துரத்துவது?

வீட்டுக்காரர் ஒரு நாள் துணிகளுக்கு நடுவில் குனிந்து என்னிடம் வந்தார்.

"ஒனக்குன்னு கட்டுனேன். லயத்துக்கு ஆச்சு."

"இருக்கட்டும்."

"ஓட்டல்காரன் இன்னும் காத்துக்கிட்டிருக்கானா?"

"மழை விடுற வரைக்கும்னான்."

அவர் வெளியே எட்டி மழையைப் பார்த்தார். அது நிற்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம்.

மழை நின்ற வாரம் கிராணி வந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறவர். லயத்து வீடுகளும் அவர் பொறுப்பு. சாலையில் மோட்டாரில் போகும்போது கூரைக்கு மேல் குழாயைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து காய்கிற துணிகளை விலக்கிக்கொண்டு அடுப்பு வரைக்கும் போனார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

"இது யாரு வீட்டுச் செவுரு?"

"தோட்டத்துச் செவுருங்க ஐயா" என்றார் வீட்டுக்காரர்.

"ஆணி அடிக்கிறதுன்னாலே ஆபீசுல வந்து கேக்கணும். நீ செவுத்தையே ஒடச்சிருக்க. கூரை தகரம், அடியில பூரா மரச்சட்டம். புடிச்சா பத்து வீடும் போயிடும்லா. யோசிச்சியா?"

"நெருப்ப நான் பாத்துக்குவேங்க."

"நீ பாத்துக்குவ. நீ வேலைக்குப் போயிட்டா? ஒங்கம்மா தூங்கிட்டா?"

அவர் சொன்னது நியாயம்தான்.

"மேனேஜர் லயம் பாக்க வரப்போறாரு. அதுக்குள்ள அடச்சிரு. பழையபடி இருக்கணும். இல்லன்னா வீட்ட எழுதி வாங்கிடுவாங்க. அப்பறம் எங்கிட்ட வராத."

"சரிங்க ஐயா."

துணியெல்லாம் அன்றே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா தன் சட்டையை எடுக்கும்போது, "நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றார்.

அடுப்பைக் கட்டியவரே அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை. நான் கல் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்தார். சாந்து பூசினார். கட்டியபோது இருந்த அவசரம் இல்லை. ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தார். சுவர் மட்டத்துக்கு வந்ததும் தண்ணீர் தொட்டு வழித்தார். அடுப்பு இருந்த இடம் தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

"நீ போ" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"எங்க?"

"ஓட்டலுக்கு. போ. நாங்க பாத்துக்குவோம். மாசத்துக்கு ரெண்டு நாளு வருவில்ல?"

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போகலாம். இனி ஒரு தடையும் இல்லை. நான் நின்றுகொண்டே யோசித்தேன். துரைசாணி வீட்டில் சுகமெல்லாம் நெருப்பில் இருந்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுவரில் இருந்திருக்கிறது. ஆணி அடிக்க அந்தம்மா யாரையும் கேட்டதில்லை. படத்தை இங்கே மாட்டுவார், நாளைக்கு அங்கே மாட்டுவார். ஊருக்குப் போனார், அங்கே தங்கை வீட்டுச் சுவர், இரும்புக் குழாய். அவ்வளவுதான் அவர் கதை. ஓட்டலில் நான்கு நெருப்பு இருக்கிறது. சுவர் யாருடையது?

"நான் மட்டும் போறதுக்கு இல்ல" என்றேன். "எல்லாரும் போலாம்."

"எங்க?"

"பெர்த்தாம் பக்கம். ஒங்க மாமன் மவன் காய்கறி போடுறாரே. ஆள் இல்லன்னு போன தீபாவளிக்கே கேட்டாரு. ஓரமா பலகை வீடு ஒன்னு சும்மா கெடக்குன்னாரு."

அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வயசு நாப்பது ஆச்சு. நெருப்பு போடறதத் தவிர எனக்கு என்ன தெரியும்? மொட்டைக்கோசு போடத் தெரியுமா?"

"எனக்கு ரோஜா வெட்டத் தெரிஞ்சுதா? கத்துக்கலியா?"

"ஸ்டோரு வேலைய விட்டா வீட்டையும் விடணும். அப்பறம் திரும்ப எடுக்க மாட்டாங்க."

"தெரியும்."

அவர் பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்து காய ஆரம்பித்து ஓரங்கள் வெளுத்தன. உள்ளறையிலிருந்து அத்தை கேட்டார்.

"அங்க குளுருமா?"

"இத விடக் கொறச்சல்தான் அத்த. பள்ளம்."

"அப்ப என்னத்துக்கு ரெண்டு பேரும் செவுரப் பாத்துட்டு நிக்கிறீங்க? மூட்டையக் கட்டுங்க."

வீட்டுக்காரர் அந்த மாதக் கடைசியில் ஸ்டோரில் சொன்னார். நான் பஸ் ஏறி ஓட்டலுக்குப் போனேன். வேலைக்கு வரவில்லை என்றேன். சீனர் தோளைக் குலுக்கினார். முன்கூடத்தில் நெருப்பு எரிந்தது. சுற்றுலாக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் நின்று பார்த்தேன். கட்டையை அடுக்கியவனுக்கு அடுக்கத் தெரியவில்லை. சொல்ல நினைத்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

பலகை வீடு பெர்த்தாம் பள்ளத்தாக்கில், கோசுப் பாத்திக்கு ஓரத்தில். நிலம் அரசாங்கத்தது. வருஷா வருஷம் அனுமதி வாங்கிப் பயிர் செய்வது. அதனால் அதையும் எங்களுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் பலகையைக் கழற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆணி அடித்தேன். தேவையில்லாத இடத்திலெல்லாம் அடித்தேன்.

பலகைச் சுவரில் அடுப்புக் கட்ட முடியாது. பற்றிக்கொள்ளும். வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வெளியே, நான்கு கம்பு நட்டு மேலே தகரம் போட்டார். நடுவில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து வைத்தார். சுவரே கிடையாது. பழமரக் கட்டையும் உரப்பெட்டிப் பலகையும் எரித்தோம். தேயிலைக் கட்டை மாதிரி வராது. படபடவென்று தெறிக்கும்.

கோசு முதல் வருஷம் அழுகிப்போனது. இரண்டாம் வருஷம் பரவாயில்லை. அத்தை அங்கேதான் இறந்தார். எழவுக்கு லயத்திலிருந்து பத்து வீட்டு ஆட்களும் லாரி பிடித்து வந்தார்கள். அக்கா அழத் தொடங்கும் முன்னால் அத்தையின் முகத்தைக் கிட்டப் போய் நன்றாகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

நான் மாறவில்லை. சாயங்காலம் ஆனால் எழுந்திருப்பேன். பள்ளத்தாக்கில் காற்று ஒரு பக்கமாக அடிக்காது. சுவர் இல்லாததால் புகை எந்தப் பக்கமும் வரும். பெஞ்சை மேற்கே போடுவோம், புகை மேற்கே வரும். தெற்கே இழுப்போம், பின்னாலேயே வரும். கண் எரியும். மூக்கில் தண்ணீர் வரும்.

"எந்திரி" என்பார் வீட்டுக்காரர். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. தூக்கி வேறு பக்கம் வைப்போம்.